முதுமையும் மருந்தும்: பிழை காணும் முறை பிறந்த வரலாறு

மருந்து நோயை நீக்கும் பொருள். ஆயினும் அளவும் காலமும் ஆளும் அறியாது வழங்கப்படுமாயின் அதுவே நோயை ஆக்கும் பொருளும் ஆகும். திருவள்ளுவர் தம் நூலின் 95-ஆம் அதிகாரத்தை 'மருந்து' என்னும் பொருளுக்கே ஒதுக்கினார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுக்கின்றது: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவன். இந்நான்கனுள் எது பிழைபடினும் மருத்துவம் பிழைபடும் என்பது அப்பகுப்பிலிருந்து நாம் பெறும் கருத்து.

முதியோர் மருந்து உண்பதில் நேரும் தீங்குகளை முன்கூட்டியே தேடிக் காணும் முயற்சி, சென்ற நூற்றாண்டில் தோன்றி வளர்ந்த ஒன்று. அதன் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அம்முயற்சி மேற்சொன்ன நான்கு பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஐயுற்றுச் சோதித்தது. முதலில் ஐயுறப்பட்டது மருந்து, அடுத்து நோயாளி, அதன்பின் மருத்துவர். அருகிலிருப்பவரைப் பற்றிய எண்ணம் கடைசியாகவே வந்தது. இவ்வரிசை ஏன் இவ்வாறு அமைந்தது, அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

முதியோர் உடல் வேறு

முதியோர்க்கெனத் தனி மருத்துவத்துறை வேண்டும் என்னும் கருத்து மிகப் பழையதன்று. வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் புரிந்த இக்னாட்ஸ் நாஷர் என்பவர் 1909-ஆம் ஆண்டில் 'ஜீரியாட்ரிக்ஸ்' என்னும் சொல்லைப் படைத்தார். குழந்தை மருத்துவம் தனித்துறையாக இருத்தல்போல முதியோர் மருத்துவமும் தனித்துறையாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் 1935-ஆம் ஆண்டு முதல் மார்ஜரி வாரன் அம்மையார் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியோரைச் சோதித்து, அவர்களுள் பலரை எழுந்து நடக்கச் செய்து காட்டினார். முதுமை வேறு, நோய் வேறு என்பது இதனால் உறுதியாயிற்று.

எனினும் மருந்து முதிய உடலில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அளந்தறிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1975-ஆம் ஆண்டில் உல்ரிக் குளோட்ஸும் அவருடன் பணியாற்றியோரும் டையாஸிபாம் என்னும் அமைதி மருந்தை ஆராய்ந்தனர். உடலில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய, 20 வயதினர்க்கு ஏறத்தாழ 20 மணி நேரமும் 80 வயதினர்க்கு ஏறத்தாழ 90 மணி நேரமும் ஆகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நேற்றைய மாத்திரை உடலை விட்டு நீங்குமுன் இன்றைய மாத்திரையும், அதன்மேல் நாளைய மாத்திரையும் வந்து சேருமாயின், முதியவர் தள்ளாடி விழுவதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டிலேயே, அஃதாவது 1976-இல், கனடா நாட்டு மருத்துவர்களாகிய காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் சிறுநீரகத்தின் ஆற்றலை மதிப்பிட எளிய வாய்பாடு ஒன்றை வெளியிட்டனர். 140 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழித்து, அதனை உடல் எடையால் பெருக்கி, இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை 72-ஆல் பெருக்கிவரும் தொகையால் வகுத்தல் வேண்டும். பெண்டிர்க்கு விடையில் நூற்றுக்கு 85 பங்கே கொள்ளப்படும். 72 கிலோ எடையும், கிரியேட்டினின் அளவு 1 மில்லிகிராமும் உடைய இருவரைக் கருதுவோம். 30 வயதினர்க்கு விடை 110; 80 வயதினர்க்கு 60. இரத்தச் சோதனைத் தாளில் இருவர்க்கும் ஒரே எண்தான். ஆனால் மருந்தை வெளியேற்றும் ஆற்றலில் முதியவர் இளையவரின் பாதியளவை ஒட்டியே நிற்கிறார். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாடே பின்னர் நிகழ்ந்த பல துன்பங்களுக்கு வேராகும்.

முதற்கண் ஐயுறப்பட்டது மருந்து

1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை டையெத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சில் கரைத்து இனிய நீர்மமாக விற்றனர். அதனைப் பருகிய நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், விற்பனைக்கு முன்பே மருந்தின் தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்று விதித்தது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்தமையால் 1961-இல் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் 1964-இல் பிரிட்டன், மருந்தால் நேரும் தீங்குகளை மருத்துவர் மஞ்சள் அட்டையில் எழுதி அனுப்பும் முறையைத் தொடங்கிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் குழந்தைகளின் துயரால் உலகை உலுக்கியவை. முதியோர் துயரால் சட்டமும் வழக்கமும் மாறுவதற்கு மற்றொரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. 1980-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பெனாக்ஸாபுரோஃபென் என்னும் மூட்டுவலி மருந்து 'ஓப்ரென்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. நாளுக்கு ஒரு வேளை உண்டால் போதும் என்பது அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. மூட்டுவலியோ முதியோரின் நோய். ஆகவே மருந்தை மிகுதியாக உண்டவர் முதியோரே. ஆனால் அவர்தம் உடலில் அம்மருந்து இளையோர் உடலில் தங்குவதினும் மிக நீண்ட காலம் தங்கிற்று. 1982-இல் வட அயர்லாந்து மருத்துவர்கள், அம்மருந்தை உண்ட முதியோர் சிலர் மஞ்சள் காமாலையுற்று இறந்த செய்தியை வெளியிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது.

ஓப்ரென் கற்பித்த பாடம் தெளிவானது. முதியோர்க்கென விற்கப்படும் மருந்தை முதியோரிடத்திலேயே போதிய அளவு சோதித்தல் வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் மருந்து ஆணையங்கள் 1993-ஆம் ஆண்டில் இதனைப் பொதுநெறியாக ஏற்றன. எனினும் நல்ல மருந்தும் ஒவ்வாத ஆளிடம் சேருமாயின் தீங்கே பயக்கும். மருந்தை மட்டும் சோதித்தல் போதாது என்பது இதனால் விளங்கும்.

அடுத்து ஐயுறப்பட்டவர் நோயாளி

1962-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டாரிஸ் சுவார்ட்ஸ் என்னும் செவிலியரும் அவர்தம் தோழரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருத்துவமனைக்கு வந்து செல்லும், 60 வயதைக் கடந்த, நாட்பட்ட நோயுடைய 178 பேரிடம் அவர்கள் வினவினர்: எந்த மருந்தை உண்கிறீர்? எப்பொழுது? எத்தனை? எதற்காக? வினாக்கள் எளியவை; விடைகளோ அதிர்ச்சி தருபவை. நூற்றுக்கு 59 பேர் மருந்து உண்பதில் ஏதேனும் ஒரு பிழை செய்தனர். நூற்றுக்கு 26 பேரின் பிழை பெருந்தீங்கு விளைக்கத் தக்கதாக இருந்தது. உண்ண வேண்டிய மருந்தை உண்ணாது விடுதலே பிழைகளுள் மிகுதியாகக் காணப்பட்டது.

முதியோரை அணுகி, 'நீங்கள் மருந்தை எவ்வாறு உண்கிறீர்கள்?' என்று முறையாகக் கேட்டறிந்த தொடக்கக்கால ஆய்வுகளுள் இஃது ஒன்று. மருந்துச் சீட்டில் எழுதப்பட்டது ஒன்று, வீட்டில் நிகழ்வது மற்றொன்று என்னும் உண்மையை மருத்துவருலகம் இதனால் அறிந்தது. 1986-ஆம் ஆண்டில் டொனால்டு மாரிஸ்கி என்பவரும் பிறரும் நான்கே வினாக்கள் கொண்ட சோதனையைப் படைத்தனர். மறதி, கவனக்குறைவு, உடல் தேறியதும் மருந்தை நிறுத்துதல், உடல் நலிந்ததும் மருந்தை நிறுத்துதல் என்பவையே அவ்வினாக்களின் பொருள். 'ஆம்' என்னும் விடைகளை எண்ணினால் போதும். எளிமையினால் இச்சோதனை உலகெங்கும் பரவிற்று.

ஆயினும் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. வினாக்கள் அனைத்தும் நோயாளியின் நடத்தையையே சுட்டின. பிழை முதியவருடையது என்னும் முடிவை நோக்கியே அவை இழுத்துச் சென்றன. பிழை வேறிடத்தும் இருத்தல் கூடும் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். குழந்தைகள் மருந்தை எடுத்து உண்ணாதிருக்க, எளிதில் திறவாத மூடிகளை இட வேண்டும் என அமெரிக்கா 1970-இல் சட்டம் செய்தது. சட்டம் நன்றே. ஆனால் மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டியாலும் அம்மூடியைத் திறக்க இயலவில்லை. சிலர் மூடியைக் கழற்றி எறிந்தனர்; சிலர் மருந்தை வேறு புட்டியில் கொட்டி வைத்தனர். 1995-ஆம் ஆண்டில்தான், 50 முதல் 70 வயது வரையுள்ளோர் திறக்க வல்ல மூடியே ஏற்கத்தக்கது என விதி திருத்தப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் முதியோரின் 'கவனக்குறைவு' எனக் கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி, உண்மையில் மூடியின் குற்றமாகும்.

இல்லங்களில் நிகழ்ந்தது

1965-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு முதியோர்க்கும் வறியோர்க்கும் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டங்களைத் தொடங்கியபின், அங்கு முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பெருகின. இல்லங்கள் பெருகின, ஆனால் கண்காணிப்பு பெருகவில்லை. அமைதியற்ற முதியவரைப் பேசித் தேற்ற ஆள் வேண்டும். மாத்திரை கொடுத்து உறங்கச் செய்ய ஆள் மிகுதியாக வேண்டுவதில்லை. ஆகவே மாத்திரையே கயிறாயிற்று. அமெரிக்க மேலவையின் முதுமைக் குழு 1975-ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட அறிக்கை, இல்லங்களில் மருந்து தவறாகப் பயன்படுவதையும், அதன் விலையேற்றத்தையும், மருந்து வாங்குவதில் கைமாறும் கையூட்டையும் வெளிப்படையாகக் கண்டித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, திறன்மிகு பராமரிப்பு இல்லங்களில் ஒவ்வொருவர் மருந்தையும் மருந்தாளர் ஒருவர் மாதந்தோறும் பார்வையிடல் வேண்டும் என்னும் விதி வந்திருந்தது.

1987-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையால் சிறந்தது. வேய்ன் ரே என்பவரும் பிறரும் மிச்சிகன் மாநிலத்தில் இடுப்பெலும்பு முறிந்த 1,021 முதியோரை, எலும்பு முறியாத 5,606 பேரோடு ஒப்பிட்டனர். உடலில் நெடுநேரம் தங்கும் தூக்க மருந்துகளையும் அமைதி மருந்துகளையும் உண்டோர்க்கு எலும்பு முறியும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காக உயர்ந்திருந்தது. 'வயதானால் விழுவது இயல்பு' என்று கூறிக் கைவிடப்பட்ட ஒன்றிற்கு மருந்தும் காரணமாகலாம் என்பது தெரிந்தது. அதே ஆண்டில் அமெரிக்கச் சட்டமன்றம் இயற்றிய சீர்திருத்தச் சட்டம், பணியாளரின் வசதிக்காக மருந்தால் ஒருவரைக் கட்டிப்போடுதல் கூடாது எனத் தடுத்தது.

1988-இல் மார்க் பீர்ஸ் என்னும் இளம் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் 12 இல்லங்களில் வாழ்ந்த 850 பேரின் மருந்துகளை ஆராய்ந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மனத்தையோ நரம்பையோ தாக்கும் மருந்தை உண்டு வந்தனர். இம்மருந்துகளை முதியோர் தாமே வாங்கி உண்ணவில்லை. எழுதியவர் மருத்துவர், கொடுத்தவர் பணியாளர். எனவே நோயாளியை நோக்கி நீண்ட சுட்டுவிரல் இப்பொழுது மருத்துவரை நோக்கித் திரும்பிற்று.

பீர்ஸ் பட்டியல்

ஒரு மருந்துச் சீட்டு முதியவர்க்கு ஏற்றதா, அன்றா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? ஒரு மருத்துவர் ஏற்பதை மற்றொருவர் மறுப்பர். பீர்ஸ் இதற்கு 'டெல்பை' என்னும் முறையைக் கையாண்டார். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவாகிய இம்முறைக்குப் பழைய கிரேக்கரின் குறிசொல்லும் கோயில் இருந்த ஊரின் பெயர் இடப்பட்டது. அறிஞர்களை ஓரிடத்தில் கூட்டாமல், தனித்தனியே வினாத்தாள் அனுப்பிக் கருத்தறிதல் இதன் முதற்படி. அனைவர் விடைகளையும் தொகுத்து மீண்டும் அனுப்பி, கருத்தொருமை காணும் வரை தொடர்தல் அடுத்த படி. உரத்துப் பேசுபவர் வெல்வதும், மூத்தவர் சொல்லுக்கு இளையவர் தலையாட்டுவதும் இம்முறையில் இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1991-ஆம் ஆண்டில் வெளியான அப்பட்டியலுக்கு 13 அறிஞர் கருத்துரைத்தனர். 30 முடிவுகள் அதில் இடம்பெற்றன. 19 மருந்துகள் பொதுவாகத் தவிர்க்கத்தக்கவை. எஞ்சிய 11 முடிவுகள் அளவும் காலமும் மிகாமை பற்றியவை. நெடுநேரம் தங்கும் டையாஸிபாம், வாயை உலர்த்தி மனத்தைக் குழப்பும் அமிட்ரிப்டிலின், இரத்தச் சருக்கரையை நெடுநேரம் தாழ்த்திவிடும் குளோர்புரோபமைடு முதலியன அதில் அடங்கும். பட்டியல் எளியது, யாரும் எடுத்து ஒப்பிடலாம். அதுவே அதன் வலிமை.

அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் 12 இல்லங்களில் 1,106 பேரிடம் பட்டியலைப் பொருத்திப் பார்த்தனர். நூற்றுக்கு 40 பேர்க்குத் தகாத மருந்து ஒன்றேனும் எழுதப்பட்டிருந்தது. 1994-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வுக் குழு இல்லங்களுக்கு வெளியே வாழும் முதியோரை நோக்கிற்று. 1987-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 65 வயதைக் கடந்த அமெரிக்கருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர், அஃதாவது 66 இலட்சம் பேர், அவர்க்கு ஒவ்வாத மருந்தைப் பெற்றனர் என அக்குழு அறிவித்தது.

1997-இலும் 2003-இலும் பட்டியல் திருத்தப்பட்டது. 2012 முதல் அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகம் அதன் பொறுப்பை ஏற்று, 2015, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தது. பீர்ஸ் இவ்வளர்ச்சி முழுவதையும் காண வாழவில்லை. புகழ்பெற்ற 'மெர்க்' மருத்துவக் கையேட்டின் பதிப்பாசிரியராகவும் விளங்கிய அவர், நீரிழிவு நோயின் சிக்கல்களால் 2009-ஆம் ஆண்டில் தம் 54-ஆம் வயதில் மறைந்தார்.

பட்டியலின் எல்லை

கருவி ஒன்று பிறந்தால், அதனைக் கருதிய பணிக்கு மட்டுமன்றிக் கருதாத பணிக்கும் பயன்படுத்துவோர் தோன்றுவர். பீர்ஸ் பட்டியல் மருத்துவரை எண்ணிப் பார்க்கச் செய்ய எழுந்தது. நாளடைவில் மருத்துவரின் தரத்தை அளக்கும் கோலாகவும், காப்பீட்டு நிறுவனங்கள் மருந்தை மறுக்கும் காரணமாகவும் அஃது ஆயிற்று. ஆகவே முதியோர் மருத்துவக் கழகம் 2015-இல் தனி விளக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. பட்டியலில் உள்ளவை தகாதனவாக இருக்கக் கூடும் மருந்துகளேயன்றி, எல்லார்க்கும் எக்காலும் தகாத மருந்துகள் அல்ல என அது வற்புறுத்திற்று.

அயர்லாந்தின் கார்க் நகர மருத்துவர்கள் வேறொரு குறையைக் கண்டனர். வேண்டாத மருந்தை எழுதுதல் பிழை. வேண்டிய மருந்தை எழுதாது விடுதலும் பிழையே. வயது முதிர்ந்தவர்தாமே என்று கருதி, எலும்பைக் காக்கும் மருந்தையோ இதயத்தைக் காக்கும் மருந்தையோ கொடாது விடுதல் பெருவழக்காய் இருந்தது. பால் கல்லகர், டெனிஸ் ஓமஹோனி முதலியோர் 18 அறிஞரின் கருத்தொருமையால் 2008-ஆம் ஆண்டில் இரு பட்டியல்களை வெளியிட்டனர். 'ஸ்டாப்' என்னும் பட்டியல் நிறுத்தத்தக்க 65 நிலைகளையும், 'ஸ்டார்ட்' என்னும் பட்டியல் தொடங்கத்தக்க 22 நிலைகளையும் கூறின. 2023-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இவை 133, 57 என வளர்ந்தன.

எனினும் பட்டியல்களுக்குப் பெருஞ்சோதனை 2011-ஆம் ஆண்டில் வந்தது. 2007 முதல் 2009 வரை, மருந்தின் தீங்கால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அமெரிக்க முதியோர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் என டேனியல் பட்னிட்ஸும் பிறரும் கணக்கிட்டனர். இவர்களுள் பாதியளவினர் 80 வயதைக் கடந்தவர். எம்மருந்துகளால்? குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின், ஆஸ்பிரின் போன்ற குருதித்தட்டு மருந்துகள், சருக்கரையைக் குறைக்கும் மாத்திரைகள் ஆகிய நான்கு வகையே மூன்றில் இரு பங்குக்குக் காரணம். ஆபத்து மிக்கவை எனப் பட்டியலிடப்பட்டிருந்த மருந்துகளோ நூற்றுக்கு 1.2 பங்குக்கே காரணமாயின.

இம்முடிவு ஊன்றி எண்ணத்தக்கது. வார்ஃபரினும் இன்சுலினும் தகாத மருந்துகள் அல்ல. உயிர் காக்கும் மருந்துகள். அவற்றை எழுதியது பிழையன்று. தீங்குகளுள் மூன்றில் இரு பங்கு, அறியாமல் நேர்ந்த மிகையளவால் விளைந்தது. அஃதாவது, உரிய மருந்து உரியவர்க்கே எழுதப்பட்ட பின்னும், உடலின் நிலைக்கு ஏற்ப அளவு பொருந்தவில்லை. அல்லது உண்ணும் முறை பிழைத்தது. மருந்தின் பெயரை மட்டும் நோக்கும் பட்டியல் இதனைக் காண இயலாது.

மருந்துமேல் மருந்து

பட்டியலால் காண இயலாத மற்றொரு தீங்கைப் பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்னும் இருவர் 1990-களில் விளக்கினர். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயெனக் கருதி மற்றொரு மருந்தை எழுதுதல், அதன் விளைவுக்கு வேறொன்றை எழுதுதல் எனத் தொடரும் சங்கிலியே அது. மூட்டுவலி மாத்திரை இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உயர்ந்த அழுத்தத்துக்கு நீரிறக்கும் மாத்திரை. அது யூரிக் அமிலத்தை மிகுவித்துக் கீல்வாதத்தைத் தூண்டும். அதற்கும் ஒரு மாத்திரை. வாந்தியைத் தடுக்கும் மெட்டோகுளோபுரமைடு கைந்நடுக்கத்தை உண்டாக்கும். அதனை நடுக்குவாதம் எனக் கொண்டு லெவோடோபா எழுதப்படும். தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு சீட்டும் செவ்விதே. முறையாகத் தொடுத்து நோக்கினால்தான் முதற்கண்ணியில் இருக்கும் பிழை தெரியும். அவ்வாறு தொடுத்து நோக்க, எந்த மருந்து முதலில் வந்தது, எந்தத் துன்பம் அதன்பின் வந்தது என்று முதியவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இறுதியில் அருகிருப்பவர்

1980-களில் அமெரிக்க மருந்தாளர் பலர் ஓர் எளிய வழக்கத்தைப் பரப்பினர். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் கடையில் காய்கறி வாங்கும் பழுப்புத் தாள்பையில் இட்டுக் கொண்டுவருக என்பதே அது. மேசைமேல் கொட்டியதும் பல உண்மைகள் வெளிப்படும். ஒரே மருந்து இரு பெயர்களில் இருக்கும். காலங்கடந்த மருந்து இருக்கும். அண்டை வீட்டார் அன்போடு கொடுத்த மாத்திரையும் இருக்கும்.

1999-ஆம் ஆண்டில் ஹெலன் எடல்பர்க் முதலியோர் மேலும் ஒருபடி சென்றனர். முதியவர் தம் மருந்தைத் தாமே கையாளும் திறனை நேரில் காண அவர்கள் ஒரு சோதனை வகுத்தனர். மருந்தை அடையாளம் காட்டல், புட்டியைத் திறத்தல், உரிய எண்ணிக்கையை எடுத்தல், உரிய வேளையைச் சொல்லல் என்பன நான்கு செயல்கள். 2006-இல் வெளிவந்த வேறொரு சோதனை, மருந்தைப் பற்றி முதியவர் அறிந்தது என்ன, அதனை உண்ணும் வகை தெரியுமா, தீர்ந்தால் மீண்டும் பெறும் வழி உண்டா என மூன்று கூறுகளை ஆராய்ந்தது. இச்சோதனைகள் குற்றம் தேடுவன அல்ல. எங்கு உதவி வேண்டும் என்பதைக் காட்டுவன. புட்டியைத் திறக்க இயலாதவர்க்கு அறிவுரை வேண்டா. வேறு மூடி வேண்டும். எழுத்துத் தெரியாதவர்க்குக் கண்டனம் வேண்டா. பெரிய எழுத்து வேண்டும்.

அரசுகளும் இவ்வழியை ஏற்கத் தொடங்கின. 2001-ஆம் ஆண்டில் இங்கிலாந்து, 75 வயதைக் கடந்தோரின் மருந்துகளை ஆண்டுக்கொரு முறையும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை உண்போர்க்கு ஆறு திங்களுக்கொரு முறையும் பார்வையிடல் வேண்டும் என வகுத்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, மருந்தாளர் வீட்டுக்கே சென்று மருந்தைப் பார்வையிடும் திட்டத்தைத் தொடங்கிற்று.

இத்தகைய முயற்சிகள் பயன் தருகின்றனவா? கார்க் மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் முதியோரின் மருந்துகளை மேற்கூறிய அயர்லாந்துப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் தம் கருத்தைத் தெரிவித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. மருந்தால் தீங்குற்றோர் நூற்றுக்கு 21 என்பதிலிருந்து ஏறத்தாழ 12 ஆகக் குறைந்தனர். ஆனால் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 1,537 பேரிடம் நிகழ்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், அதே பட்டியல்களைக் கணிப்பொறி ஒப்பிட்டு அறிக்கை தந்தது, தீங்கு குறையவில்லை. கணிப்பொறி கூறியவற்றுள் பெரும்பகுதியை மருத்துவர் ஏற்றுச் செயற்படுத்தவில்லை. பட்டியல்கள் அவையே. வேறுபட்டது, அதனைக் கையிலேந்தி வந்தது ஆளா, தாளா என்பதே.

நம் நாடுகளும் இவ்வரலாறும்

இவ்வரலாறு மேனாட்டோடு முடிவதன்று. சிங்கப்பூர்க் குடிமக்களுள் 65 வயதைக் கடந்தோர் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். மலேசியாவும் அவ்வழியே செல்கிறது. 2023-ஆம் ஆண்டில் மலேசிய ஆய்வாளர் இந்நாட்டு மருந்து வழக்குக்கு ஏற்ற பட்டியல் ஒன்றை அதே டெல்பை முறையால் தொகுத்தனர். இவ்விரு நாடுகளிலும் தனியார் மருத்துவ நிலையங்கள் பல, மருந்தையும் தாமே கொடுக்கின்றன. முதியவர் ஒருவர் அரசு மருத்துவமனையில் ஒன்றும், அடுத்த தெருவின் மருத்துவ நிலையத்தில் ஒன்றும், நாட்டு மருந்துக் கடையில் ஒன்றுமாக வாங்கினால், எல்லாவற்றையும் ஒருங்கே காணும் கண் அவருடைய வீட்டில் இருக்கும் கண்ணே.

ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். மாத்திரை உறையிலுள்ள சொற்களைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுபவர் பெரும்பாலும் பள்ளியில் பயிலும் பேரனோ பேர்த்தியோதான். 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்', 'நாளுக்கு இருமுறை' என்பவற்றைப் பிழையறப் படித்துச் சொல்லும் ஆற்றலும் மொழிக் கல்வியின் பயன்களுள் ஒன்றாகும். ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பட்டியலில் பெயரைக் கண்டவுடன் மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உண்பதினும் பெரிய தீங்கு. வீட்டார் செய்யத்தக்கது, மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கொண்டு சென்று வினவுதலே.

மருந்தைச் சோதித்தனர், அது வேண்டியதே. நோயாளியை வினவினர், மருத்துவரை எண்ணச் செய்தனர், அவையும் வேண்டியவையே. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு வந்து சேர்ந்த இடம், வள்ளுவர் நான்காவதாக எண்ணிய அருகிருப்பவரின் இடமே. அங்கு ஒருவர் அமர்ந்து, பொறுமையோடு, 'இந்த மாத்திரை எதற்கு?' என்று கேட்டாலன்றி எப்பட்டியலும் முழுப்பயன் தராது.